குளச்சல் ஸ்தம்பமும் மார்த்தாண்ட வர்மரும்

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குப் போய் வருகிறவர்கள், விஜயரங்க சொக்கநாத நாயக்கர் தமது குடும்பத்தாருடன் கைகூப்பி நிற்கும் உருவச் சிலைகளைப் பார்த்திருப்பார்கள். திருச்சிராப்பள்ளியில் சிங்காதனம் போட்டு மதுரை ராஜ்யத்தை ஆண்ட மன்னர் அவர். 1726-ம் வருஷத்தில், தெற்கே வேணாடு என்ற சிறு ராஜ்யத்தின் அரசரான ராம வர்மர், நமது நகரில் அவருடைய அரசாங்கத்தாருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். தமது சொந்த நாட்டிலேயே தம்மை மதியாத பிரபுக்களை அடக்குவதற்காக, வருஷந்தோறும் பணம் கட்டிக் குதிரைப் படையும் காலாட் படையும் பெற்றுக்கொள்வதே அதன் சாரம். இந்த யோசனையை ராம வர்மருக்குச் சொன்னவர் அவருடைய மருமகனான இளவரசர் என்று திருவிதாங்கூர் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். அந்த இளைஞருக்கு அப்பொழுது வயது இருபதுக்கு மேல் அதிகம் இராது.

பதினைந்து வருஷங்கள் கழிந்தன. 1741-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் திருச்சிராப்பள்ளிக் கோட்டை ரகோஜி போன்ஸ்லேயின் மகாராஷ்டிர சேனையிடம் விழுந்தது. படை கொடுத்த நாயக்கர்களின் அரசு அதற்கு முன்பே அழிந்து போயிருந்தது. அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில், படை கேட்ட வீட்டின் இளவரசர், மார்த்தாண்ட வர்மர் என்ற பெயருடன் அரசராக நின்று, குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரரைச் சரணாகதி அடையச் செய்தார். கொடுத்தவர் வீழ்ந்ததும் கேட்டவர் வென்றதும் எவ்வாறு நேர்ந்தன என்பது, குளச்சலில் நிற்கும் ஸ்தம்பத்தைப் பார்க்கிற எவருக்கும் தோன்றவேண்டிய கேள்வி.

குளச்சல், கன்னியாகுமரி ஜில்லாவில் உள்ள ஒரு கடற்கரைப் பட்டணம். 1956-ம் வருஷம் நவம்பர் முதல் தேதி அந்தப் பிரதேசம் தமிழ் ராஜ்யத்துடன் சேர்ந்தது. அங்கே கடலுக்கு அருகில், அந்த வெற்றியின் ஞாபகார்த்தமாக ஒரு கல் ஸ்தம்பம் நிற்கிறது. மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த போர்வீரர்கள் வந்து அதற்கு மரியாதை செலுத்துவதுண்டு. நமது தேசத்தில் யுத்த ஞாபகச் சின்னங்களுக்குக் குறைவில்லை. நமது நகரிலே காந்தி மார்க்கெட்டுக்கு அருகில் நிற்கும் சின்னம், பிறருடைய சாம்ராஜ்யத்துக்காக 1914-ல் தொடங்கிய மகாயுத்தத்துக்குப் போனவர்களுடையது. தஞ்சை சரபோஜி மன்னரோ, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக மல்லிப்பட்டினத்துக் கடற்கரையில் மனோரா என்ற கோபுரத்தையே எழுப்பினார். யாரோ யாரையோ ஐரோப்பாவில் வென்றதற்குத் தஞ்சாவூர்ச் சுண்ணாம்பும் செங்கல்லும்! குளச்சல் ஸ்தம்பம் அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. இந்த மண்ணின் அரசர் ஒருவர் இந்த மண்ணில் ஓர் ஐரோப்பிய வல்லரசைப் பணிய வைத்ததற்கு அது சாக்ஷி. ஆகையால்தான் அதை நாட்டுவித்த வெற்றிக்குரியவரின் வாழ்க்கையை, அதன் ஒளியோடும் இருளோடும் சேர்த்து, நமது நேயர்கள் அறியவேண்டும் என்று கருதுகிறோம்.

மார்த்தாண்ட வர்மர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். அனிழம், அதாவது அனுஷம், அவருடைய நக்ஷத்திரம். வேணாட்டு அரச குடும்பத்தில் மருமக்கள்தாய முறை வழங்கிற்று; அரசருக்குப் பின் பட்டம் ஏறுகிறவர் அவருடைய மகனல்ல, சகோதரியின் மகன். இந்தப் பிள்ளை வளர்ந்த காலத்தில் அரசர் என்பது பெயருக்குத்தான். எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் கிராமங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்மநாப ஸ்வாமி கோயிலை நிர்வகித்த சபைக்கு எட்டரை யோகம் என்று பெயர். எட்டுப் பேருக்கு ஒவ்வொரு வாக்கு, அரசருக்கு அரை வாக்கு என்பார்கள். தமது குலதெய்வத்தின் சந்நிதியிலேயே அரை மனிதராக இருந்த அரசரை நாட்டில் யார் மதிப்பார்கள்? கரையோரத்தில் அஞ்சுதெங்கில் ஆங்கிலேயர் கோட்டை கட்டியிருந்தார்கள். கொல்லத்திலும் கொச்சியிலும் டச்சுக்காரர் இருந்தார்கள். 1721-ல் ஆற்றிங்கலில் ஆங்கிலேயர் ஏறக்குறைய நூற்று நாற்பது பேரை ஜனங்கள் வெட்டி வீழ்த்தியபோது, அதைத் தடுக்கவோ தண்டிக்கவோ அரசருக்குச் சக்தி இருக்கவில்லை.

இளவரசருடைய உயிருக்கே பிரபுக்கள் உலை வைத்தார்கள். நெய்யாற்றின்கரையில் ஒரு பலா மரத்தின் பொந்தில் ஒளிந்து அவர் தப்பினார் என்பது அந்நாட்டுப் பாட்டிகளெல்லாம் சொல்லும் கதை. கதை எப்படியானாலும், காட்டிலும் கோயிலிலும் மறைந்து திரிந்தவர் அவர் என்பதில் சந்தேகமில்லை. 1729-ல் ராம வர்மர் காலமானதும் அவர் பட்டம் ஏறினார். உடனே ஒரு வாரிசு வழக்கு எழுந்தது. இறந்த அரசரின் புத்திரர்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும், தகப்பன் சொத்து மகனுக்கு என்ற நியாயத்தைப் பேசிக்கொண்டு, பிள்ளைமாரின் துணையோடு கிளம்பினார்கள். வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இது விநோதமான வழக்காகத் தோன்றுகிறது. இரண்டு சட்டங்களில் எது செல்லும் என்பதே அதில் கேள்வி. தம்பி தமது மனுவை எங்கே கொண்டுபோனார் தெரியுமா? திருச்சிராப்பள்ளிக்குத்தான். இங்கிருந்து அழகப்ப முதலியார் என்பவர் சேனையுடன் சென்றார். மருமக்கள்தாயமே அந்த நாட்டு வழக்கம் என்று கண்டு தம்பியின் உரிமையை ஏற்காமல் திரும்பினார் என்பது சரித்திரக்காரர் வாக்கு. அரசரின் பணம் அந்தத் தீர்ப்புக்கு உதவியது என்று சொல்வாரும் உண்டு.

அரசர் இதில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று. எந்த வீட்டு வழக்கையும் அந்நியனிடம் கொண்டுபோக ஒருவன் இருக்கும் வரையில் அந்த வீடு நிலைக்காது என்பதே அது. அதை அவர் நடத்திய விதம் கொடியது. நாகர்கோயில் அரண்மனையில் தம்பிமார் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமாரும் யோகத்தைச் சேர்ந்தவர்களும் பிடிபட்டு, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்களுடைய பெண்டு பிள்ளைகளைக் கடற்கரை மீனவர்களிடம் ஒப்புவித்தார்கள். அதற்குத் துறையேற்றம் என்று பெயர். குற்றமறியாத குழந்தைகளைத் தண்டிப்பதை எந்த ராஜ நீதியும் நியாயப்படுத்த முடியாது. மீனவரோடு வாழ்வதே ஒரு தண்டனை என்று அந்த அரசாங்கம் கருதியதை நேயர்கள் கவனிக்கவேண்டும். அதே மீனவர்களைத்தான் சில வருஷங்களுக்குள் குளச்சலில் அவர் நம்ப வேண்டியிருந்தது.

உள்நாட்டில் எதிர்ப்பு ஓய்ந்ததும், அரசர் வடக்கே திரும்பினார். இதில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் ராமய்யன் தளவாய். திருநெல்வேலிச் சீமை ஏர்வாடியைப் பூர்வீகமாகக் கொண்ட ஏழை பிராம்மணக் குடும்பத்தவர். அரண்மனையில் சிறு உத்தியோகத்தில் தொடங்கி 1737-ல் தளவாய் ஆனார். திருச்சிராப்பள்ளிக் கூலிப் படையை நம்பாமல், நாயர்களையும் தெற்கத்தி மறவர்களையும் சேர்த்து இருவரும் சொந்தச் சேனை அமைத்தார்கள். கொல்லம், காயங்குளம், இளையிடத்து ஸ்வரூபம் என்று துண்டு துண்டாகக் கிடந்த சிற்றரசுகள் ஒவ்வொன்றாக அழுத்தப்பட்டன.

அந்தத் துண்டுகளில்தான் டச்சுக்காரருடைய ஜீவன் இருந்தது. நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் 1658-ல் பிடித்து, 1663-ல் கொச்சியையும் போர்த்துகேசியரிடமிருந்து பறித்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு சிற்றரசரிடமும் தனித்தனியே மிளகு ஒப்பந்தம் எழுதி வாங்கி, அவர்கள் சொன்ன விலைக்கே மிளகைப் பெற்று வந்தார்கள். சிற்றரசர்கள் ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் மட்டும் வியாபாரம் நன்றாக நடந்தது. எல்லாத் தோட்டங்களும் ஒரே அரசருக்குக் கீழ் வந்தால் விலை சொல்லுகிறவர் மாறிவிடுவார் அல்லவா? 1739-ல் இலங்கை கவர்னர் வான் இம்ஹோப் மலையாளக் கரைக்கு நேரில் வந்து நிலைமையைப் பார்த்தார். யுத்தமே வழி என்று முடிவு செய்தார். அண்டை அரசுகளின் மீது கை வைத்தால் திருவிதாங்கூரின் மீது படையெடுப்போம் என்று அவர் மிரட்டியதாகவும், அப்படியானால் தாமும் தமது மீனவர்களைத் தோணிகளில் ஏற்றி ஒல்லாந்து தேசத்தின் மீது படையெடுக்க யோசிக்க வேண்டிவரும் என்று அரசர் பதிலளித்ததாகவும் ஒரு பரம்பரைச் செய்தி உண்டு. பரிஹாசமாகச் சொன்னதாக இருந்தாலும், மீனவர் என்ற சொல் அவர் வாயில் இந்தத் தடவை தண்டனையின் பெயராக வரவில்லை.

டச்சுக்காரர் இளையிடத்து ஸ்வரூபத்தின் ராணியை மீண்டும் பட்டத்தில் வைத்தார்கள். மார்த்தாண்ட வர்மர் அவரை விரட்டினார். அதன்மேல் இலங்கையிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. தலைநகரான கல்குளத்துக்கு, அதாவது பின்னாளில் பத்மநாபபுரம் என்று பெயர் பெற்ற ஊருக்கு, மிக அருகில் உள்ள துறைமுகம் குளச்சல். அரசரின் சேனையில் பெரும் பகுதி வடக்கே இருந்த சமயம் பார்த்து, டச்சுக்காரர் அங்கே இறங்கினார்கள். கரையோர ஊர்களைச் சூறையாடினார்கள். கோட்டாறு வரையில் நாடு அவர்கள் வசமாயிற்று. கடற்கரையில் கோட்டை போட்டுக்கொண்டு கல்குளத்தின் மீது கண் வைத்தார்கள். 1741-ம் வருஷத்தின் முற்பகுதியில் திருவிதாங்கூர் என்ற ராஜ்யம் இன்னும் சில மாதங்களே இருக்கும் என்று கொச்சியில் யாராவது பந்தயம் கட்டியிருந்தால், நாம் அதை மடமை என்று சொல்லமாட்டோம்.

அரசர் வடக்கேயிருந்து விரைந்து வந்தார். ராமய்யன் தளவாயின் சேனை டச்சுக்காரரைத் திரும்பக் குளச்சலுக்கே துரத்திற்று. பிறகு முற்றுகை தொடங்கியது. இங்கேதான் காலமும் கடலும் அரசருக்குத் துணை நின்றன. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் கடலில் அடிக்கும் காற்றில், கரையில் ஆட்களையும் சாமான்களையும் இறக்குவது எளிதன்று. ஜாவாத் தீவில் 1740-ல் டச்சுக்காரர் படேவியாவின் சீனர்களைக் கொன்று குவித்ததால் அங்கே பெருங்கலகம் மூண்டிருந்தது. இலங்கைக்கும் கொச்சிக்கும் அனுப்ப அங்கிருந்து துருப்புக் கிடைக்கவில்லை. இங்கே நடந்த யுத்தத்தின் முடிவில் ஆயிரக்கணக்கான காதத்துக்கு அப்பால் சிந்திய சீனர் ரத்தமும் கலந்திருக்கிறது என்பதை நமது மாலைகளும் மேடைகளும் மறந்துவிடக்கூடாது.

கரையில் நடந்ததைப் பற்றி ஊர்மக்கள் சொல்லும் கதைகள் பல. பீரங்கி போதாமையால் பனை மரங்களைத் துண்டித்து மாட்டு வண்டிகளில் பீரங்கிபோல் அடுக்கி நிறுத்தினார்கள் என்பது ஒன்று. முக்குவ மீனவர்கள் தோளில் துடுப்புகளைத் துப்பாக்கிபோல் சாய்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள் என்பதும், கடல் வழியாக உதவி வராதபடி தோணிகளில் காவல் காத்தார்கள் என்பதும் வேறு. இவற்றில் எவ்வளவு கற்பனை என்று ஆராய்வது நமது வேலையன்று. கடலை அறிந்தவர்கள் பக்கத்தில் இல்லாமல் ஒரு கடற்கரைக் கோட்டையை முற்றுகையிட்டு வெல்ல முடியாது என்பது மட்டும் சாதாரண அறிவுக்கே விளங்கும். கோட்டைக்குள் வெடிமருந்து தீப்பற்றி அரிசி இருப்பும் எரிந்து போயிற்று. பசியும் குண்டும் ஒருங்கே தாக்கவே, ஆகஸ்டு மாதத்தில் டச்சுக்காரர் ஆயுதங்களை வைத்துவிட்டுச் சரண் புகுந்தார்கள்.

கைதிகளில் ஒருவர் டிலனாய். அரசர் அவரைக் கொல்லவில்லை. பணம் வாங்கிக்கொண்டு விடவும் இல்லை. தமது சேனைக்கு ஐரோப்பிய முறையில் கவாத்துப் பழக்கும் வேலையைக் கொடுத்தார். உதயகிரிக் கோட்டை அவருடைய மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டது. அங்கே பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் ஏற்பட்டது. ஜனங்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். 1777-ல் இறந்து உதயகிரியிலேயே அடக்கமானார். அவருடைய கல்லறையில் லத்தீன் மொழியோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் நமது ஊரை மறுபடி பார்க்கவேண்டும். 1732-ல் விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையில்லாமல் இறந்ததும், மீனாக்ஷி ராணிக்கும் பங்காரு திருமலைக்கும் பட்டத்துச் சண்டை மூண்டது. இரு கட்சியாரும் ஆர்க்காட்டுப் படையை நாடினார்கள். மத்தியஸ்தம் செய்ய வந்த சந்தா ஸாஹிப் 1736-ல் ராஜ்யத்தையே எடுத்துக்கொண்டார். அவரை விலக்க மகாராஷ்டிரர் வந்தனர். அவர்களை விலக்க நிஜாம் வந்தார். 1751-ல் கோட்டைக்குள் மகம்மது அலிக்காக ஆங்கிலேயரும், ஸ்ரீரங்கத் தீவில் சந்தா ஸாஹிபுக்காகப் பிரெஞ்சுக்காரரும் நின்றார்கள். ரங்கநாதருடைய மதில்கள் லா என்ற பிரெஞ்சுத் தளபதிக்கு அரண் ஆயின. 1752 ஜூன் மாதத்தில் அவர் சரணடைந்தார். சந்தா ஸாஹிப் தஞ்சைத் தளபதி மானோஜியின் கையில் தலையிழந்தார். திருச்சிராப்பள்ளியைத் தருவதாக வாக்குப் பெற்று உதவிக்கு வந்த மைசூர் நஞ்சராஜர், ஏமாற்றப்பட்டு ஸ்ரீரங்கத்திலேயே வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார். வேணாட்டிலும் வெள்ளைக்காரக் கப்பித்தான் இருந்தார், இங்கேயும் இருந்தார்கள். அங்கே அவர் உத்தரவு வாங்கிக்கொண்டார். இங்கே உத்தரவு போட்டார்கள்.

இந்த வித்தியாசத்தைக் கண்டு நமது மனம் பூரிக்கிறது; ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். 1750 ஜனவரி மாதத்தில் மார்த்தாண்ட வர்மர் தமது வாளைப் பத்மநாப ஸ்வாமியின் படியில் வைத்து, ராஜ்யம் முழுவதையும் ஸ்வாமிக்கே தானம் செய்து, தாம் ஸ்வாமியின் தாசராக ஆள்வதாகப் பிரகடனம் செய்தார். இதற்குத் திருப்படித்தானம் என்று பெயர். அரை வாக்கு அரசர் இப்பொழுது தெய்வத்தின் பிரதிநிதி. அவரை எதிர்ப்பது ராஜத் துரோகம் மட்டுமன்று, தெய்வத் துரோகமும் ஆயிற்று. பக்தியைச் சந்தேகிக்க நமக்கு உரிமையில்லை. ராஜதந்திரத்தைப் பார்க்கக் கண் இருக்கிறது. மிளகு வியாபாரம் அரசாங்கத்தின் ஏகபோகமாயிற்று. டச்சுக்காரன் சொன்ன விலைக்கு விற்ற குடியானவன், இனி அரசர் சொன்ன விலைக்கு விற்றான். யுத்தச் செலவின் பாரம் நாஞ்சில் நாட்டு வயல்களின் மேல் இறங்கிற்று.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, டிலனாயின் பழக்கத்தால் கிறிஸ்து மதத்தை அறிந்து 1745-ல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் பிள்ளை ஆனார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ம் வருஷம் மே மாதத்தில் ரோமாபுரியில் போப்பாண்டவர் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் மீது சுமத்தப்பட்ட குற்றம் யாது என்பதைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால், வேற்று மதத்து அந்நியனைச் சேனாபதியாக வைத்துக்கொள்ள முடிந்த அரசாங்கத்துக்கு, அந்த மதத்தைத் தழுவிய சொந்தப் பிரஜையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பது கண்கூடு. குளச்சல் ஸ்தம்பத்துக்கு மாலையிடும் தேசாபிமானிகள் காட்டாடி மலைக்கும் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வருவது நல்லது. தூரம் அதிகமில்லை.

1753-ல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர் சமாதானம் செய்துகொண்டார்கள். கொச்சி ராஜா உட்பட உள்நாட்டு அரசர்களின் சண்டைகளில் தலையிடுவதில்லை என்று கையெழுத்திட்டு, வருஷத்துக்கு 12,000 ரூபாய் பெறுமான ஆயுதங்களைத் திருவிதாங்கூருக்குக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். மலையாளக் கரையில் அவர்களுடைய ஆதிக்கம் அத்தோடு முடிந்தது. 1756-ல் ராமய்யன் தளவாய் காலமானார். தம்மைச் சிறு வயதிலிருந்து சூழ்ந்த பகைவர் அனைவரையும் வென்ற அரசர் இந்த இழப்பில் மனமொடிந்தார் என்கிறார்கள். 1758 ஜூலை மாதத்தில் அவரும் கண் மூடினார்.

மரணப் படுக்கையில் மருமகனான கார்த்திகைத் திருநாள் ராம வர்மருக்கு அவர் கூறிய புத்திமதிகளில் முக்கியமானது, ஆங்கிலக் கும்பினியாரின் நட்பை எக்காரணத்தாலும் கைவிடக்கூடாது என்பது. அஞ்சுதெங்கு ஆங்கிலேயரோடு 1723-லேயே உடன்படிக்கை செய்து பழகியவர் அவர். டச்சுக்காரருக்கு எதிராக அவர்களிடம் ஆயுதம் வாங்கியவர். ஒரு வியாபாரியை மற்றொரு வியாபாரியைக் கொண்டு தட்டி வைக்கலாம் என்ற அந்தக் கணக்கு அவர் ஜீவித்த காலத்தில் சரியாகவே இருந்தது. மருமகன் அந்தச் சொல்லைக் காத்தார். 1795-ல் கும்பினியாருடன் உடன்படிக்கை. 1805-ல் அதைவிடக் கடினமான மற்றொன்று. கும்பினித் துருப்புக்கு வருஷந்தோறும் கட்டவேண்டிய பணம் ஏறிக்கொண்டே போயிற்று. 1809-ல் வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் ஜனங்களை ஆயுதமெடுக்க அழைத்தார். அவரை அடக்கக் கிழக்கேயிருந்து கர்னல் செயின்ட் லெஜர் நடத்திச் சென்ற ஆங்கிலச் சேனை திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டது. பிப்ரவரி மாதத்தில் ஆரல்வாய்மொழி அரண் பிடிபட்டது. சில தினங்களில் டிலனாய் கட்டிய உதயகிரிக் கோட்டையும், அதையடுத்துப் பத்மநாபபுரமும், சண்டையின்றிக் கும்பினியார் வசமாயின.